வால்டர் குஸ்மா, இரண்டாம் குடித்தனக்காரர்

இந்தக் கதையில் வரும் கறைநீக்கித் திரவத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கம்பெனிக்காரன் என் மேல் வழக்குப் போடுவான். பதிலுக்கு நான் போட்டால் அது கூட்டு வழக்காகி, எனக்கே தெரியாத ஒரு வக்கீல் என் சார்பில் ஆஜராகி, கடைசியில் நானே எனக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டிருப்பேன். எதிர்வீட்டு பெர்னடீனுக்கு நடந்தது அதுதான். அதைப் பார்த்த பிறகு என் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

பெர்னடீன் குஸ்மா எங்கள் டொலீடோ நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். அறுபதை நெருங்கிவிட்டாள். சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பாள். கடையில் சூப்புக்குப் பதில் சோளத்தைப் போட்டுக் கொடுத்தாலும், "பாவம், அந்தப் பொண்ணு காலைலேருந்து நிக்குது" என்று சோளத்தையே சூடு பண்ணிச் சாப்பிடுவாள். அவளோடு இருப்பவன் வால்டர். குட்டைக்கால், தரையைக் கூட்டுகிற காது, பாஸெட் கலப்பு நாய், எப்போதும் யாரோ திட்டிவிட்ட மாதிரி ஒரு முகம். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நதிப் பெயரும் பழப் பெயரும் வைத்துவிட்டு, நாய்களுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள்.

எங்கள் வாடகைக் குடியிருப்பில் நாய் வைத்திருந்தால் நாய்க்கும் மாத வாடகை உண்டு. பெர்னடீன் தன் வாடகையோடு வால்டரின் வாடகையையும் தவறாமல் கட்டிவந்தாள். ஒப்பந்தத்தில் 'குடியிருப்போர்' என்ற இடத்தில் முதல் வரியில் அவள் பெயர், இரண்டாம் வரியில் வால்டர் குஸ்மா. குடியிருப்பு அலுவலகத்துக் கெண்ட்ரா லோர் அப்படித்தான் பதிந்திருந்தாள். அவர்கள் கம்ப்யூட்டரில் நாய்க்கென்று தனியிடம் கிடையாதாம். வாடகை கட்டுகிற எதுவும் அதற்குக் குடித்தனக்காரர்தானாம்.

ஒருநாள் வால்டருக்கு வயிறு சரியில்லாமல் கூடத்துக் கார்ப்பெட்டில் வாந்தி எடுத்துவிட்டான். பெர்னடீன் கடைக்கு ஓடி, 'செல்லப்பிராணிகளுக்கும் தரைக்கும் பாதுகாப்பானது' என்று எழுதிய அந்தத் திரவத்தை வாங்கிவந்து தெளித்தாள். கறை போய்விட்டது. கறையோடு கார்ப்பெட்டின் நிறமும் போய்விட்டது. பழுப்புக் கார்ப்பெட்டின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். அதை எப்படியாவது சரிசெய்கிறேன் என்று மறுபடி தெளித்தாள். வட்டம் சமோசாத் தாம்பாளம் ஆனது.

வருடாந்திரச் சோதனைக்கு வந்த கெண்ட்ரா அந்த வட்டத்தைச் சுற்றி வந்து, குனிந்து படமெடுத்துக்கொண்டாள். மறுநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, முதலில் ஒரு குக்கீ கொடுத்தாள். அந்த அலுவலகத்தில் குக்கீ கொடுத்தால் பின்னாலேயே கெட்ட செய்தி வரும்.

"மிஸ் பெர்னி, நாங்க நாய்ங்கன்னா உசுரையே விடற குடியிருப்பு. அதனாலதான் நாய் பண்ண சேதத்துக்கு மனுஷங்கள நாங்க தண்டிக்கறதில்ல. நாய மட்டும்தான் வெளிய அனுப்புவோம். எவ்ளோ நியாயம் பாருங்க!"

"ஐயோ, வால்டர் பண்ணல கெண்ட்ரா. அந்த மருந்து பண்ணிச்சு."

"நீங்க சொன்னா நான் நம்பறேன் செல்லம். ஆனா ஃபைல் நம்பாதே. மருந்துதான் பண்ணிச்சுன்னு அதிகாரம் இருக்கற யாராவது ஒரு வரி எழுதித் தரட்டும். கார்ப்பெட்ட மாத்திட்டு விஷயத்தை முடிச்சிடுவோம். இல்லேன்னா ஒப்பந்தம் புதுப்பிக்கறப்ப வால்டர் இருக்கக் கூடாது. இன்னொரு குக்கீ எடுத்துக்கோங்க."

பெர்னடீனுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வேலை முடிந்து வந்து பூட்டில் சாவி போடும்போது உள்ளே தரையில் வால் தட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் அவளுக்கு வீடு. 

அந்த வாரமே தபாலில் ஓர் அட்டை வந்தது. அதே திரவத்தை வாங்கிய எல்லோர் சார்பிலும் யாரோ கூட்டு வழக்குப் போட்டு, சமரசம் ஆகியிருக்கிறது, பாட்டில் வாங்கியவர்கள் இழப்பீடு கேட்கலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அதைக் குப்பையில் போட்டார்கள். பெர்னடீன் மட்டும் கடவுளே கைப்பட எழுதியதுபோல் அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவைத்தாள்.

இழப்பீட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பேசியவர் டெஸ்மண்ட் ரூக்ஸ் என்ற மேற்பார்வையாளர். தேன் வழிகிற குரல்.

"சொந்த வீடாம்மா, வாடகையா?"

"வாடகைங்க."

"அப்ப கார்ப்பெட் யாரோடது?"

"வீட்டுக்காரங்களோடது."

"அப்ப உங்களுக்கு நஷ்டமே ஆகலியேம்மா!" அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

"சரி, அப்ப வீட்டுக்காரங்க கேக்கலாமா?"

"அவங்க பாட்டில் வாங்கினாங்களா?"

"இல்லீங்க, நான்தான் வாங்கினேன்."

"வாங்காதவங்களுக்கு எப்படிம்மா குடுக்கறது?"

"அப்ப அந்த ஓட்டை மாதிரி வெள்ளையா இருக்கே, அது யாருக்கு ஆன நஷ்டம்?"

"ரொம்ப அழகான கேள்வி. நாலு வருஷமா பெரிய பெரிய வக்கீலுங்க இதத்தான் பேசிட்டிருந்தாங்க. பேசப் பேச நல்லா இருந்துச்சாம். கடைசியில வாடகைக்காரங்களுக்குன்னு தனியா ஒரு வழி வெச்சிருக்காங்க. அந்தத் தரைய அனுபவிக்கற உரிமை யார் யாருக்குன்னு காட்ட உங்க ஒப்பந்தத்தை அனுப்புங்க."

"எனக்குக் காசு வேண்டாங்க. மருந்துதான் பண்ணிச்சு, நாய் பண்ணலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. 

"காசு வேண்டாமா?" என்றார் டெஸ்மண்ட், கடைசியில். "அதுக்கு எங்ககிட்ட பட்டன் இல்லையேம்மா. முதல்ல காசு கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

காசு கேட்டாள். ஒப்பந்தத்தை அனுப்பினாள். பதில் வந்தது: இரண்டாம் குடித்தனக்காரர் திரு. வால்டர் குஸ்மா கையெழுத்திடாததால் விண்ணப்பம் முழுமை பெறவில்லை. பெர்னடீன் மறுபடி போனை எடுத்தாள்.

"அவன் எப்படிங்க போடுவான்? அவன் நாய்ங்க."

"உங்க கோவம் புரியுதும்மா. எனக்கும் விவாகரத்து ஆனதுதான். ஆனா குடும்பச் சண்டையில நாங்க தலையிடறதில்ல."

"ஐயோ, திட்டலீங்க! நிஜ நாய்! நாலு காலு, வாலு!"

"யாருக்கு என்ன உடம்புக் குறை இருந்தாலும் நாங்க பாகுபாடு பாக்கறதே இல்லம்மா. அதுல எங்களுக்கு விருதே குடுத்திருக்காங்க. எழுத முடியாதவங்க நோட்டரி முன்னாடி ரேகை வெக்கலாம்."

அவள் கெண்ட்ராவிடம் ஓடினாள். வால்டர் பெயரை அந்த இரண்டாம் வரியிலிருந்து எடுத்துவிடம்மா என்று கெஞ்சினாள்.

"தாராளமா எடுத்துடலாமே!" என்றாள் கெண்ட்ரா. "எடுத்துட்டா இத்தன நாளும் பேரு இல்லாத ஒருத்தர அனுமதியில்லாம குடிவெச்சிருக்கீங்கன்னு ஆயிடும். அப்ப ரெண்டு பேரும் வெளிய போகணும். எடுத்துடட்டுமா?"

எடுக்கவில்லை.

நோட்டரி எங்கள் தெருமுனை வங்கியில் இருந்தாள். ஓடெட் பிளாங்க் என்று பெயர். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். வால்டரை நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்தோம். அடையாள ஆவணம் கேட்டாள். வால்டரின் கழுத்துப் பட்டையில் மாவட்ட நிர்வாகம் கொடுத்த நாய் லைசென்ஸ் தொங்கியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லைசென்ஸ் இன்னும் காலாவதியாகல. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரோடது காலாவதிதான்." அவள் வால்டரை நேருக்கு நேர் பார்த்தாள். "திரு. குஸ்மா, யாரோட வற்புறுத்தலும் இல்லாம, முழுச் சம்மதத்தோட இதுல ரேகை வெக்கறீங்களா?"

வால்டர் கொட்டாவி விட்டான். 'ஆட்சேபணை தெரிவிக்கவில்லை' என்று அவள் எழுதிக்கொண்டாள்.

"ஏங்க, இது நாய்னு உங்களுக்குத் தெரியுதுல்ல?" என்றாள் பெர்னடீன், அழாத குறையாக.

"ஹனி, நான் ஆளப் பாக்கறதில்ல, ஆவணத்தப் பாக்கறேன். முப்பது வருஷமா எம்மேல ஒரு புகார் வந்ததில்ல."

மை அட்டையில் வால்டரின் பாதத்தை அமுக்கித் தாளில் வைத்தார்கள். பெர்னடீன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கப் பார்த்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. போனில் டெஸ்மண்டிடம் கேட்டதற்கு, "அது எல்லாருக்கும் பொதுவா போடறதும்மா, உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல" என்றார். அவளும் கையெழுத்திட்டாள்.

அடுத்தது நியாய விசாரணை. கூட்டு வழக்கில் சமரசம் ஆனால், அது நியாயமானதுதானா என்று நீதிபதி பொதுமக்களைக் கேட்க ஒருநாள் ஒதுக்குவார். யாரும் போவதில்லை. நீதிபதியிடமே நேரில் கேட்டுவிடலாம் என்று பெர்னடீன் போனாள். நகரத்துக்குள் வண்டியை நிறுத்த அவளுக்குப் பயம், நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற நீல உடையைப் போட்டிருந்தாள்.

நீதிமன்றம் நிறைய வக்கீல்கள். அங்கே நாய் வளர்ப்பவள் அவள் ஒருத்தி மட்டுமே என்று நினைக்கிறேன். பொதுமக்கள் தரப்பு வக்கீல் காரெட் ஆஸ்ட்ராண்டர் எழுந்தார். வெள்ளிமுடி, அதற்கேற்ற வெள்ளி டை.

"மாண்புமிகு நீதிபதி அவர்களே! வாயில்லா ஜீவன்களுக்காகவும் அவற்றின் கார்ப்பெட்டுகளுக்காகவும் நான்கு ஆண்டுகள் நான் உறங்கவில்லை. என் மகளின் பிறந்தநாள் விருந்துகளைக்கூடத் தியாகம் செய்தேன். அந்தத் தியாகத்தின் மணிநேரங்களும் என் கட்டணத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. மக்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்று சிலர் கேட்கக்கூடும். நீதியைத் தராசில் வைத்து எடை போடுபவர்களைப் பார்த்து நான் பரிதாபப்படுகிறேன்!"

கம்பெனியின் வக்கீல் எழுந்தார். "எங்கள் தயாரிப்பு யாருக்கும் எந்தச் சேதமும் செய்யவில்லை. செய்யாத சேதத்துக்கு மனமுவந்து இழப்பீடு தருகிற நிறுவனம் இது. இந்தப் பெருந்தன்மையை நீதிமன்றம் பதிவு செய்ய வேண்டும்." நீதிபதி பதிவு செய்தார். வக்கீல்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கல்யாணத்தில் சம்பந்திகள் தலையசைப்பதுபோல் தலையசைத்துக்கொண்டார்கள்.

"ஆட்சேபணை உள்ளவர் யாராவது இருக்கிறீர்களா?" என்றார் நீதிபதி, கோப்பை மூடிக்கொண்டே.

பெர்னடீன் எழுந்தாள்.  "ஐயா, எனக்குக் காசு வேண்டாம். மருந்துதான் கார்ப்பெட்ட கெடுத்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இல்லேன்னா எங்க வால்டர வெளிய அனுப்பிடுவாங்க."

நீதிபதி நல்ல மனிதர். முகத்தில் இரக்கம் தெரிந்தது. "உங்க வக்கீல் மூலமா சொல்லுங்கம்மா."

"எனக்கு வக்கீல் இல்லீங்களே."

"நான்தாம்மா உங்க வக்கீல்!" என்றார் ஆஸ்ட்ராண்டர், அன்போடு.

"நீங்களா? எப்பலேருந்து?"

"நாலு வருஷமா."

"ஒரு போன்கூடப் பண்ணலியே!"

"ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணிட்டிருந்தா அது எப்படிம்மா கூட்டு வழக்காகும்?" அவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "என் கட்சிக்காரரின் கோரிக்கையை என் கட்சிக்காரரின் நலன் கருதி நான் ஆட்சேபிக்கிறேன். சேதத்தை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்பதுதான் சமரசத்தின் அடித்தளம். அதைத் தொட்டால் என் கட்டணம், அதாவது மக்களின் வெற்றி, ஆட்டங்கண்டுவிடும்."

"ஏற்கப்பட்டது," என்றார் நீதிபதி. "குறை சொன்னவர் ஒருவர்தான். அவரையும் அவருடைய வக்கீலே மறுத்துவிட்டார். ஆகவே சமரசம் ஒருமனதாக ஏற்கப்படுகிறது."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது பெர்னடீன் பெல்ட்டைப் போடத் தெரியாமல் திணறினாள். நான் போட்டுவிட்டேன். 

சில வாரங்களில் தடித்த உறை வந்தது. உள்ளே, அதே திரவத்தின் பெரிய பாட்டிலுக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டு. கூடவே ஒரு கடிதம். நோட்டரி தாளின் பின்பக்கத்தில் எறும்பாக ஊர்ந்தவை இப்போது கொட்டை எழுத்தில் இருந்தன: 'கீழே கையெழுத்திட்ட குடித்தனக்காரர்கள் பெர்னடீன் குஸ்மா, வால்டர் குஸ்மா ஆகிய இருவரும், மேற்படி தயாரிப்பு தங்கள் தரைக்கு எந்தச் சேதமும் விளைவிக்கவில்லை என்பதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறார்கள்.'

அதை நாங்கள் கெண்ட்ராவிடம் காட்டவில்லை. இழப்பீட்டு அலுவலகமே அவளுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தது. கார்ப்பெட் அவளுடைய அலுவலகத்துக்குச் சொந்தம் அல்லவா!

"மிஸ் பெர்னி, நான் கேட்டது இதத்தான்!" என்று அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அதிகாரம் இருக்கறவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. மருந்து பண்ணல. நீங்க பண்ணீங்களா?"

"இல்ல..."

"அப்ப பாக்கி ஒருத்தர்தானே? அவரே கையெழுத்தும் போட்டிருக்காரு. என்ன நேர்மை! என் பாய்ஃப்ரெண்ட் ஒருநாள்கூட ஒரு தப்ப ஒத்துக்கிட்டதில்ல தெரியுமா?"

"அடிப் பாவி, அவன் நாய்டி! உனக்குத் தெரியும்! நீயே எத்தன தடவ அவன் காதப் புடிச்சுக் கொஞ்சியிருக்கே!"

பெர்னடீன் கத்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். கெண்ட்ராவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா மிஸ் பெர்னி? ஃபைலுக்குத் தெரிய வேணாமா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே குக்கீத் தட்டை நீட்டினாள்.

வீட்டு வழக்கு நீதிமன்றத்தில் வால்டர் ஒருவன் மேல் மட்டும் வெளியேற்ற மனு போடப்பட்டது. விசாரணை நாளன்று அவனைக் குளிப்பாட்டி, வாரிவிட்டு, கூட்டிக்கொண்டு போனோம். நேரில் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும் என்பது என் யோசனை. வாசல் காவலர் தடுத்தார். நீதிமன்றத்துக்குள் விலங்குகளுக்கு அனுமதியில்லை. பெர்னடீன் மட்டும் உள்ளே ஓடினாள். அதற்குள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு, பிரதிவாதி ஆஜராகவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

பிறகு அவள் வேறு வீடு தேடினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், ரயில் பாதை ஓரம், எல்லா இடத்துக்கும் நான்தான் வண்டி ஓட்டினேன். எங்கும் குடிவருகிற எல்லோருடைய பழைய சரித்திரத்தையும் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். "உங்களோடது சுத்தமா இருக்கும்மா," என்பார்கள். "கூட வர்றவர்தான்... கோர்ட்டு வெளியேத்தின ஆளாமே. அந்த மாதிரி ஆளை நாங்க சேக்கறதில்ல." பெயரை மாற்றிப் போடேன் என்று நான் சொன்னேன். ஓரிடத்தில் மாற்றியும் போட்டாள். புதுப் பெயருக்கு முந்தைய வீட்டுக்காரரின் நன்னடத்தைக் கடிதம் கேட்டார்கள்.

வெளியேற்ற உத்தரவோடு நீதிமன்ற அமீனா ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். தொப்பியும் தொப்பையுமாக நடுவயதுக்காரர். நான் என் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். பெர்னடீன் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"வால்டர் குஸ்மா இருக்காரா?" என்று அவர் தாளைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

தன் பெயர் கேட்டதும் வால்டர் உள்ளேயிருந்து காது தரையில் புரள ஓடிவந்தான். தன்னைத் தேடி ஒரு விருந்தாளி வந்திருக்கிறார், அதுவும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆணியில் தொங்கிய கயிற்றை எம்பிக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். வால் தரையில் பட் பட் என்று அடித்தது.

அமீனா தாளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "அடக் கடவுளே! இது நாய்ம்மா!"

"ஆமாங்க," என்றாள் பெர்னடீன். அழுதுவிட்டாள். "ஆமாங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க."

எனக்கும் உயிர் வந்தது. ஒரு கண்ணுள்ள மனிதரை அரசாங்கம் தப்பித்தவறி வேலைக்கு வைத்திருக்கிறது என்று நினைத்தேன். அவர் தள்ளிப் போய் நீதிமன்றத்துக்குப் போன் செய்தார். இரண்டு மூன்று தடவை "நாய்ங்க, நாய்" என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஆர்டர்ல மனுஷனா நாயான்னு போடலியாம்மா. பேரும் விலாசமும் சரியா இருந்தா நடத்திடச் சொல்றாங்க. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு."

குனிந்து கயிற்றை மாட்டினார். மாட்டியதுதான் தாமதம், வால்டர் அவரை வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு ஓடினான். அமீனாவை இழுத்துக்கொண்டு வெளியேறிய குடித்தனக்காரனை இந்தக் குடியிருப்பில் அன்றுதான் பார்த்தோம். புல்வெளியில் ஒரு மரத்தை மோந்து பார்த்துவிட்டு, நின்று, திரும்பி பெர்னடீனைப் பார்த்தான். ஏன் இன்னும் வரவில்லை என்று.

"நீங்க உள்ளயே இருக்கலாம்மா," என்று அமீனா அங்கிருந்து கத்தினார். "உங்க பேரு இதுல இல்ல."

பெர்னடீன் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, அந்த ஆர்டர்ல எங்கயாவது இடம் இருந்தா என் பேரையும் சேத்து எழுதிக்கறீங்களா?"

அமீனா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நிஜமாகவே தேடினார்.

"முடியாதேம்மா," என்றார். "அதுக்கு நீங்க தனியா மனு போடணும்."